பெயர் யாருக்குச் சொந்தம்?

மோட்டார் சைக்கிள் நிறுவனங்கள் இப்போது காபிக்கடை நடத்துகின்றன. சட்டை, தொப்பி, தோல் மேலங்கி, கையுறை, காலணி, சாவிக்கொத்து, காபிக் கோப்பை என்று தம் பெயர் பொறித்த எதையும் விற்கின்றன. ராயல் என்ஃபீல்டு 2017ஆம் ஆண்டு கோவாவின் பாகா அருகே 'கராஜ் கஃபே' என்ற பெயரில் ஓர் உணவகத்தைத் திறந்தது. சாப்பிடும் கூடம், பழைய வண்டிகளின் கண்காட்சி, ஆடை விற்பனை, வண்டி பழுதுபார்ப்பு எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் பெயரில் லாஸ் வேகாஸ் நகரில் 1997 முதல் 2016 வரை ஓர் உணவகம் நடந்தது. இத்தாலியின் டுகாட்டி உள்ளிட்ட வேறு நிறுவனங்களும் இதே பாதையில் நடந்தவைதாம். வண்டி விற்பது ஒரு வியாபாரம். வண்டியின் பெயரை விற்பது அதைவிடச் செலவு குறைந்த, லாபம் கூடிய இன்னொரு வியாபாரம் என்பதை முதலாளிகள் கண்டுகொண்டார்கள்.

பெங்களூருவின் அல்சூரில் வாழும் நம் வாசகர்களுக்கு இது தொலைவில் நடக்கும் செய்தி அல்ல. ஏரிக்கரையிலிருந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தால் இந்திராநகர். விலையுயர்ந்த காபிக்கடைகளும் பீர்க் கூடங்களும் ஆடைக்கடைகளும் மோட்டார் சைக்கிள் காட்சிக்கூடங்களும் அங்கே தோளோடு தோள் உரசி நிற்கின்றன. இந்தக் கடைகளில் பரிமாறுபவர்கள், துப்புரவு செய்பவர்கள், காவல் நிற்பவர்கள், வாசலில் பொட்டலத்துக்குக் காத்திருந்து வண்டியில் கொண்டுசெல்பவர்கள் பலரும் அல்சூர் போன்ற பழைய பகுதிகளின் குறுகிய சந்துகளில் குடியிருப்பவர்கள்.

ஒரு காபிக்கடை குறித்து இடதுசாரிப் பத்திரிகை தலையங்கம் எழுதத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். இளைஞர்கள் காபி குடிப்பதையோ வண்டி ஓட்டுவதையோ பிடித்த சட்டை அணிவதையோ நாம் குறை கூறவில்லை. உழைக்கும் மக்களுக்கு இன்பம் கூடாது என்பது நமது கொள்கையல்ல. எல்லா இன்பமும் எல்லோருக்கும் வேண்டும் என்பதே நமது கொள்கை. நாம் எழுப்பும் கேள்வி வேறு. கோப்பையின் மீது அச்சிடப்பட்டிருக்கும் அந்தப் பெயருக்கு மதிப்பைத் தந்தவர்கள் யார்? அந்த மதிப்பை அறுவடை செய்பவர்கள் யார்?

திருவொற்றியூர் காப்பாற்றிய பெயர்

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த பெயர். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெட்டிச் நிறுவனத்துடன் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. இந்திய ராணுவத்துக்குத் தேவைப்பட்ட புல்லட் வண்டிகள் வடசென்னையின் திருவொற்றியூரில் உருவாயின. முதலில் இறக்குமதியான பாகங்களை இணைத்தார்கள். பின்னர் பாகங்களையும் இங்கேயே வார்த்துக் கடைந்து உருவாக்கினார்கள். 1970 வாக்கில் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோனது. பிறந்த மண்ணில் அணைந்துபோன அந்தப் பெயரை அணையாமல் காத்தது திருவொற்றியூர்த் தொழிலாளியின் கை. பெட்ரோல் டேங்கின் மீது ஓடும் தங்கநிறக் கோட்டை இயந்திரம் இன்றிக் கையாலேயே வரையும் மரபு அந்த ஆலையில் நீடித்தது. இன்று நிறுவனம் தன் விளம்பரங்களில் பெருமையுடன் காட்டுவது அந்தக் கையைத்தான்.

ஆலைக்கு வெளியே இன்னொரு படை இருந்தது. எண்ணெய் கசியும், உதைத்தால் கிளம்ப மறுக்கும் அந்தப் பழைய வண்டியை ஊர்தோறும் சாலையோரத்தில் உட்கார்ந்து பழுதுபார்த்து ஓடவைத்த மெக்கானிக்குகள். நிறுவனம் தந்த பயிற்சி எதுவும் இல்லாமல், காதால் கேட்டே எஞ்சினின் நோயைச் சொன்னவர்கள். அவர்கள் இல்லையேல் புல்லட் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். அந்த வண்டிக்கு வந்த 'சாகாவரம்' அவர்கள் அளித்தது.

ஐஷர் குழுமம் 1990இல் இந்நிறுவனத்தில் பங்கு வாங்கியது. 1994இல் தன்னுடன் இணைத்துக்கொண்டது. பிறகு ஒரகடத்தில் 2013இலும் வல்லம் வடகாலில் 2017இலும் புதிய ஆலைகள் வந்தன. 2024-25 நிதியாண்டில் ராயல் என்ஃபீல்டு விற்ற வண்டிகள் 10 லட்சத்தைத் தாண்டின. அவ்வாண்டில் ஐஷர் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வருவாய் ரூ.18,870 கோடி, வரிக்குப் பிந்தைய லாபம் ரூ.4,734 கோடி. மேல்மட்டத்து ஊதியத்தைப் பங்குதாரர்களே பொறுக்காத ஒரு தருணமும் உண்டு. 2021 ஆகஸ்டில் நிர்வாக இயக்குநரின் மறுநியமனத்தையும் ஊதியத்தையும் ஒருசேரக் கேட்ட சிறப்புத் தீர்மானம், தேவையான நான்கில் மூன்று பங்கு வாக்குகளைப் பெறாமல் தோற்றது. ஊதியத்துக்கு உச்சவரம்பு இட்டுத் தீர்மானத்தை மீண்டும் கொண்டுவர நேர்ந்தது.

மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே சரக்கைச் சுற்றிப் படரும் மாயையைக் குறித்து எழுதினார். மனிதர்களுக்கிடையிலான உழைப்பு உறவு, பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றம் மாறி நிற்பதே அந்த மாயை. இன்றைய 'பிராண்டு' அந்த மாயையின் உச்சம். இங்கே வண்டி என்ற பொருள்கூடத் தேவைப்படுவதில்லை; பெயர் மட்டும் போதும். ஒரு சாதாரண சட்டையையும் பெயர் பொறித்த சட்டையையும் தைக்க ஒரே நூல், ஒரே துணி, ஒரே உழைப்பு. விலை மட்டும் வேறு. அந்த விலை வேறுபாடு, பெயரைத் தன் ஏகபோக உடைமையாக வைத்திருப்பவர் வசூலிக்கும் வாடகை. தலைமுறைகளின் உழைப்பு பெயராக உறைந்திருக்கிறது. அந்த உறைந்த உழைப்பைக் காட்டி வாடகை வசூலிக்கிறார்கள்.

டீக்கடையிலிருந்து வந்த கதை

மோட்டார் சைக்கிளுக்கும் காபிக்கடைக்கும் உள்ள உறவைக்கூட நிறுவனங்கள் படைக்கவில்லை. லண்டனின் வடக்கு வட்டச் சாலையில் 1938இல் 'ஏஸ் கஃபே' என்றொரு கடை திறக்கப்பட்டது. லாரி ஓட்டுநர்கள் இரவில் வண்டியை நிறுத்தித் தேநீர் குடிக்கும் சாலையோரக் கடை அது. போரில் குண்டுவீச்சில் சிதைந்து, 1949இல் மீண்டும் கட்டப்பட்டது. போருக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் ஆலைகளிலும் பட்டறைகளிலும் வேலைசெய்த இளைஞர்கள் தம் வண்டிகளில் அங்கே கூடினார்கள். புதிய பந்தய வண்டி வாங்கக் காசில்லாததால், இருந்த வண்டியின் தேவையற்ற பாகங்களைக் கழற்றி, கைப்பிடியைத் தாழ்த்தி, தம் கையாலேயே அதை வேகமான வண்டியாக்கினார்கள். 'கஃபே ரேசர்' என்ற பெயர் அப்படிப் பிறந்தது. மேட்டுக்குடியும் போலீசும் அவர்களைப் போக்கிரிகளாகவே பார்த்தன. கடை 1969இல் மூடப்பட்டது.

உழைக்கும் வர்க்கத்து இளைஞனின் வறுமையும் கைத்திறனும் சேர்ந்து உருவாக்கிய அந்தப் பாணியை, அவன் மூப்படைந்த பிறகு நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. இன்று அது ஆலையிலிருந்தே தயாராக வரும் 'மாடல்'. 'ஏஸ் கஃபே'யும் 2001இல் மீண்டும் திறக்கப்பட்டு, நினைவுகளைத் தேடி வருவோரின் தலமாகிவிட்டது. தொழிலாளி தனக்காக உருவாக்கிய பண்பாட்டை அவனிடமிருந்து எடுத்து, விலைச்சீட்டு ஒட்டி, அவன் பேரனிடமே விற்பது முதலாளித்துவத்துக்குக் கைவந்த கலை.

மைசூருவிலிருந்து பாவல் வரை

கர்நாடகத்துக்கு இதில் தனக்கென ஒரு கதை உண்டு. மைசூருவின் ஐடியல் ஜாவா நிறுவனம் செக் நாட்டு ஜாவாவின் உரிமம் பெற்று 1961 முதல் மோட்டார் சைக்கிள்களை உற்பத்தி செய்தது. 'ஜாவா' என்ற பெயரே இரண்டு பெயர்களின் தலையெழுத்துகள். நிறுவனர் யானெச்செக், அவர் 1929இல் விலைக்கு வாங்கிய வாண்டரர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் பிரிவு. 1970களில் மைசூரு வண்டி 'யெஸ்டி' என்ற பெயரைப் பூண்டது. ஒரே மிதியில் கிளப்பவும் கியர் மாற்றவும் முடிந்த அந்த வண்டியின் இரட்டைப் புகைக்குழாய் ஓசை, தென்னிந்தியாவின் ஒரு தலைமுறைக்கே பழக்கமானது. 1996இல் ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். நிறுவனம் கலைப்பு நடவடிக்கைக்குள் சென்றது.

ஆலை செத்தது, பெயர் சாகவில்லை. மகிந்திரா குழுமத்தின் பெரும்பான்மைப் பங்குடன் இயங்கும் கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் 2018 நவம்பரில் ஜாவாவையும் 2022 ஜனவரியில் யெஸ்டியையும் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. வண்டிகள் உருவாவது மைசூருவில் அல்ல. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில். விளம்பரங்கள் விற்பது மைசூருவின் நினைவை. யெஸ்டி என்ற வணிகக் குறி யாருக்குரியது என்ற வழக்கில், அது கலைப்பில் இருக்கும் ஐடியல் ஜாவா நிறுவனத்துக்கே உரியது என்று கர்நாடக உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2022 டிசம்பரில் தீர்ப்பளித்தார். வழக்கு அதோடு முடியவில்லை, மேல்முறையீட்டுக்குச் சென்றது. அதன் சட்ட நுணுக்கங்களுக்குள் நாம் நுழையவில்லை. நம் கவனத்துக்குரியது இதுதான்: மூடிய ஆலையின் நிலமும் இயந்திரமும் ஏலத்துக்கு வந்த பின்னும், அதன் பெயர் நீதிமன்றத்தில் போராடிப் பெறத்தக்க சொத்தாக எஞ்சியது. அந்தப் பெயரை வியர்வையால் வார்த்த தொழிலாளி மட்டும் எந்த ஏட்டிலும் அதன் பங்குதாரராகப் பதிவாகவில்லை.

ஹார்லி டேவிட்சன் இன்னும் தெளிவான பாடத்தைத் தருகிறது. அரியானாவின் பாவலில் 2011 முதல் இயங்கிய தன் ஆலையை மூடுவதாக அந்நிறுவனம் 2020 செப்டம்பரில் அறிவித்தது. கொரோனா பெருந்தொற்று உழைக்கும் மக்களை வாட்டிய காலம் அது. அடுத்த மாதமே ஹீரோ மோட்டோகார்ப்புடன் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. ஹார்லி வண்டிகளுடன் அதன் உதிரிபாகங்கள், ஓட்டுநர் ஆடைகள், பெயர் பொறித்த பொருள்கள் ஆகியவற்றையும் ஹீரோ விற்கும் என்பது அந்த உடன்பாட்டின் ஓர் அம்சம். தன் ஆலையும் அதன் தொழிலாளர்களும் வேண்டாம். பெயரும் சட்டையும் கடையில் இருக்கட்டும். மூலதனத்தின் கனவு இதைவிட வெளிப்படையாகப் பேசியது அரிது.

பழைய மெட்ராஸ் சாலையில்

மீண்டும் அல்சூருக்கு வருவோம். அல்சூரைத் தொட்டுக் கிழக்கே செல்லும் சாலைக்குப் பழைய மெட்ராஸ் சாலை என்று பெயர். கண்டோன்மென்ட் உருவான காலத்தில் கட்டட வேலைக்கும் படைமுகாம் ஊழியத்துக்கும் தமிழ் உழைப்பாளிகள் அந்தத் திசையிலிருந்துதான் வந்து அல்சூரில் குடியேறினார்கள். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல்., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். என்று பொதுத்துறை ஆலைகள் எழுந்தபோது, இவர்களின் பிள்ளைகள் கன்னட, தெலுங்கு, மலையாள, உருதுத் தொழிலாளர்களுடன் ஒரே வரிசையில் நின்று ஆலைக்குள் நுழைந்தார்கள். 1980 டிசம்பரிலிருந்து 1981 மார்ச் வரை நடந்த பெங்களூருப் பொதுத்துறைத் தொழிலாளர்களின் மாபெரும் வேலைநிறுத்தம் மொழி கடந்த அந்த ஒற்றுமையின் வரலாறு.

அதே சாலை இன்று எங்கே போகிறது? கோலார் மாவட்டத்தின் நரசாபுராவில் ஹோண்டாவின் மோட்டார் சைக்கிள் ஆலை 2013 முதல் இயங்குகிறது. அதே நரசாபுராவில், ஐபோன் தயாரித்த விஸ்ட்ரான் ஆலையில் 2020 டிசம்பர் 12 அன்று ஊதியம் ஒழுங்காகக் கிடைக்காத ஒப்பந்தத் தொழிலாளர்களின் சினம் வெடித்தது. ஊதியம் தாமதமானதை ஆப்பிள் நிறுவனத்தின் முதற்கட்ட ஆய்வே ஒப்புக்கொண்டது. சாலை அதற்கப்பால் ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வழியாகத் திருப்பெரும்புதூரை அடைகிறது. அதன் பக்கத்தில்தான் ஒரகடமும் வல்லம் வடகாலும். காபிக் கோப்பையில் பெயராக மின்னும் வண்டிகள் உருவாவது அங்கே.

அந்த ஒரகடத்தில் 2018 செப்டம்பரில் ராயல் என்ஃபீல்டு, யமஹா, மியோங் ஷின் ஆகிய மூன்று ஆலைகளின் தொழிலாளர்கள் அடுத்தடுத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். யமஹாவில் சங்கம் அமைப்பதில் முன்னின்ற இருவர் வேலைநீக்கம் செய்யப்பட்டதுதான் அங்கே பொறியாக விழுந்தது. சங்கத்தை அங்கீகரி, சங்கத்துடன் பேச்சு நடத்து, பழிவாங்காதே என்பவை போராட்டத்தின் மையக் கோரிக்கைகள். யமஹா போராட்டம் நவம்பர் வரை நீண்டது. பயிற்சியாளர், அப்ரண்டிஸ், ஒப்பந்தத் தொழிலாளர் என்று பல பெயர்களில், நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்விப்பது இந்தத் தொழில் வட்டாரம் முழுவதும் பரவிய நோய். வண்டிக்கு ஒரே பெயர். அதைச் செய்பவருக்கு மட்டும் எத்தனை பெயர்கள்!

2024இல் நடந்தது நமது கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. திருப்பெரும்புதூர் அருகே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். சிஐடியு தலைமையில் அவர்கள் அமைத்த சங்கத்தைப் பதிவுசெய்வதற்கு நிர்வாகம் ஆட்சேபம் தெரிவித்தது. ஆட்சேபங்களில் ஒன்று, சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கிறது என்பது! நிறுவனத்தின் வணிகக் குறியைத் தொழிலாளர்கள் பயன்படுத்தக் கூடாதாம். உயர்நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரியில்தான் சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் பதிவுபெற்றது.

இந்த ஆட்சேபத்தைச் சற்று நின்று எண்ணிப்பாருங்கள். காசு கொடுத்தால் நிறுவனத்தின் பெயரை யார் வேண்டுமானாலும் மார்பில் அணிந்து திரியலாம். அதற்குத் தடையில்லை, அது விளம்பரம். அந்த ஆலைக்குள் நாள்தோறும் நின்று அந்தப் பெயரை உருவாக்குபவர் தன் சங்கப் பலகையில் அதை எழுதினால் அது அத்துமீறல். மோட்டார் சைக்கிள், குளிர்பதனப் பெட்டி, கைப்பேசி எதுவாயினும் 'பிராண்டு' என்பதன் வர்க்க உள்ளடக்கம் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது.

விலைக்கு வரும் சுதந்திரம்

இந்தக் காபிக்கடைகளும் ஆடைகளும் உண்மையில் விற்பது என்ன? 'சுதந்திரம்', 'திறந்த சாலை', 'தோழமை' என்று அவர்களே சொல்கிறார்கள். இவற்றுக்கு ஏங்குபவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். பெங்களூருவில் அந்தக் கடைகளின் வாடிக்கையாளர்களில் பெரும் பகுதி தகவல் தொழில்நுட்பத் துறையின் இளைஞர்கள். அவர்களின் வேலை நாளை 14 மணி நேரம் வரை நீட்டிக்க வழிசெய்யும் ஒரு யோசனை 2024 ஜூலையில் கர்நாடக அரசின் மேசைக்கு வந்தது. கர்நாடக ஐ.டி. ஊழியர் சங்கமான கே.ஐ.டி.யு. அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியது. வாரம் முழுவதும் நேரத்தைப் பறிகொடுத்தவருக்கு, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இரண்டு மணி நேரச் சுதந்திரம் தோல் மேலங்கியின் வடிவில் விற்கப்படுகிறது. பறித்தவரும் விற்பவரும் ஒரே வர்க்கம்.

அதே கடையின் வாசலில் இன்னொரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. மாதத் தவணை முடியாத வண்டி; முதுகில் உணவுப் பை; கைப்பேசியில் ஓடும் கடிகாரம். அவருக்கு வண்டி வாழ்க்கைப் பாணி அல்ல, வாழ்க்கை. மழையிலும் வெயிலிலும் நாள் முழுவதும் சாலையிலேயே இருப்பவர் அவர்தான். ஆயினும் 'திறந்த சாலை'யின் விளம்பரத்தில் அவர் முகம் இடம்பெறுவதில்லை. செயலி நிறுவனங்கள் அவரைத் தொழிலாளி என்றே ஒப்புக்கொள்வதில்லை. 'கூட்டாளி' என்று பெயர் சூட்டியிருக்கின்றன. போராட்டங்களின் விளைவாகக் கர்நாடகம் 2025இல் மேடைத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் 1 முதல் 5 விழுக்காடு வரை நல நிதிக்குக் கட்டணம் பெற அது வழிசெய்கிறது. இது ஒரு தொடக்கம். தொழிலாளி என்ற தகுதியும் குறைந்தபட்ச ஊதியமும் இன்னும் கிட்டவில்லை.

சட்டை தைப்பவரை மறந்துவிடக் கூடாது. பெங்களூரு உலகச் சந்தைக்கு ஆயத்த ஆடை தைத்துத் தரும் நகரம். தைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்கு ஒன்றிய அரசு கட்டுப்பாடு விதித்தபோது, 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் எந்தத் தலைமையின் அழைப்பும் இல்லாமல் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் இந்நகரின் சாலைகளை நிறைத்தார்கள். அரசு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஆடையின் மீதுள்ள பெயர் எதுவானாலும், அதன் தையலுக்குள் இருப்பது இவர்களின் உழைப்பு.

நாம் கோருவது

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய பாஜக அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. அவ்வாண்டு ஜூலை 9 அன்று கோடிக்கணக்கானோர் நடத்திய பொது வேலைநிறுத்தத்தின் குரலை அது காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்பு 100 தொழிலாளர்கள் உள்ள ஆலையை மூடவே அரசின் முன் அனுமதி வேண்டும். இப்போது 300 பேர் வரை உள்ள ஆலையை அனுமதியின்றி மூடலாம். எல்லாத் தொழிலகங்களிலும் வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்புக் கட்டாயம். பாதிப் பேர் ஒன்றாக விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம். 'குறித்த கால வேலை' என்ற பெயரில் நிரந்தர வேலை என்பதே கரைக்கப்படுகிறது. ஆலை மூடப்படலாம், தொழிலாளி மாறலாம், பெயர் மட்டும் நிலைக்கலாம் என்ற முதலாளிகளின் கனவுக்கு இது சட்ட வடிவம்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. தொழிலாளர் விரோதச் சட்டத் தொகுப்புகள் திரும்பப் பெறப்பட வேண்டும். தொழிலாளர்கள் விரும்பும் சங்கத்தை, அவர்கள் விரும்பும் பெயரில், பதிவு செய்யவும் அங்கீகரிக்கவும் வேண்டும். வணிகக் குறியைக் காட்டிச் சங்க உரிமையை மறுக்க இடமில்லை என்பதைச் சட்டமே சொல்ல வேண்டும். ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்ற நெறி ஆலைக்குள் மட்டுமன்றி, நிறுவனத்தின் பெயரில் நடக்கும் கடை, உணவகம், பழுதுபார்ப்பு நிலையம் அனைத்திலும் நிலைநாட்டப்பட வேண்டும். அங்கே வேலைசெய்யும் ஒவ்வொருவருக்கும் பணிநியமனக் கடிதமும் குறைந்தபட்ச ஊதியமும் வைப்பு நிதியும் மருத்துவக் காப்பீடும் உறுதியாக வேண்டும்.

இன்னொன்று. நிறுவனம் கலைக்கப்படும்போது அதன் பெயரும் சொத்துதான். இன்றைய திவால் சட்டம் கலைப்புக்கு முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கியை மட்டுமே, பிணையம் பெற்ற கடன்காரர்களுக்கு இணையான இடத்தில் வைக்கிறது. அதற்கு முந்தைய பாக்கி வரிசையில் பின்தள்ளப்படுகிறது. ஆண்டுகள் கழித்துப் பெயர் உயிர்பெற்று லாபம் ஈட்டினால், பழைய தொழிலாளிக்கு அதில் எதுவும் இல்லை. தொழிலாளர் பாக்கி முழுவதும் முதல் உரிமை பெற வேண்டும். மூடிய நிறுவனத்தின் பெயரை எவர் பயன்படுத்தினாலும், தீராத தொழிலாளர் பாக்கியைத் தீர்ப்பது அவர்களின் பொறுப்பாக்கப்பட வேண்டும். முதலாளிக்குப் பெயரில் பரம்பரை உரிமை உண்டென்றால், தொழிலாளிக்கும் உண்டு.

அல்சூர் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். பலாத்தோப்பால் வந்த பெயர் என்பார்கள். கன்னடர் ஹலசூரு என்கிறார்கள். தமிழர் அல்சூர் என்கிறோம். அந்தப் பெயரைச் சொல்ல எவரும் எவருக்கும் வாடகை தர வேண்டியதில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் அனைவரும் சேர்ந்து உண்டாக்கிய பெயர் அது. இதே அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, மொழிப் பகையின் பெயரால் 18 ஆண்டுகள் மூடிக்கிடந்தது. 2009 ஆகஸ்டில் அதன் திரை விலகியது. சில நாள்களில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. பகை மூட்டுவோர் எத்தனை காலம் திரை போட்டாலும் உழைக்கும் மக்களின் உறவு அறுந்துவிடுவதில்லை.

பழைய மெட்ராஸ் சாலையின் இரு முனைகளிலும் இன்று நிற்பது ஒரே வர்க்கம்தான். ஒரு முனையில் வண்டியை உருவாக்குபவர். மறு முனையில் காபி பரிமாறுபவர், பொட்டலம் சுமப்பவர், சட்டை தைப்பவர், இரவெல்லாம் கணினி முன் விழித்திருப்பவர். அவர்களைப் பிரித்து வைத்திருப்பது வேறுவேறு நிறுவனங்களின் பெயர்கள். அவர்களை இணைக்கும் பெயர் ஒன்றே ஒன்றுதான்: தொழிலாளி. அதை எந்த நிறுவனமும் வணிகக் குறியாகப் பதிவுசெய்ய முடியாது. அந்தப் பெயரில் அல்சூரிலும் ஒரகடத்திலும் ஒன்றுபடுவோம். சங்கப் பலகைகளில் துணிந்து எழுதுவோம்.